கை இல்லாத மணிக்கு எங்கிருந்து அளப்பது?

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கல்லூரியின் ஆய்வக உதவியாளர். யார் கை தூக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தார். நான் தூக்கியிருந்தேன். கொண்டுவந்து திணித்துவிட்டுப் போய்விட்டார். ஐம்பதை நெருங்கும் வயதில் நான் பொது இடத்தில் கை தூக்கியது அதுதான் முதல் தடவை என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

செமினார் ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மைக் ஈரமாக இருந்தது. ஏதோ பழுது என்று நினைத்தேன். ஈரம் என்னுடையது.

மேடையில் என் மனைவி சாந்தி நின்றிருந்தாள். திரையில் சிவப்புப் புள்ளி காட்டும் சின்ன விளக்கு அவள் கையில் இருந்தது. அந்தப் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் ஈ மாதிரி அலைந்துகொண்டிருந்தது. அன்று அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பட்டம் வாங்காத ஆசிரியர்கள் ஜூன் மாதத்துக்கு மேல் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்று, அவள் பாடம் நடத்தும் அந்தக் கல்லூரியின் நிர்வாகம் மிகுந்த அன்போடு தெரிவித்திருந்தது. ஆகவே அந்தப் புள்ளி நின்றாக வேண்டும்.

ஹாலில் இருந்த எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. என்னைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டுவிட்டு வருகிறேன். நிற்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

ஆஜர்

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் வாசிக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். நான் சொல்வேன். அது என் காதுக்கு மட்டும் கேட்கும். வாத்தியார் ஆப்சென்ட் போட்டுவிடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நிறைய நாள் பள்ளிக்கூடம் வராதவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றபோது, என்னைத் தவிர யாருக்கும் அது தெரிந்திருக்காது.

பஸ்ஸிலும் அப்படித்தான். ‘இங்க எறங்கோணும்’ என்று கத்த வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் சேர்ந்து இறங்கிக்கொண்டு திரும்பி நடப்பேன். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவன் நாமக்கல்லைப் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வேன்.

இப்படிப்பட்டவனுக்குத் தோதான வேலை முட்டை டிப்போவில்தான் கிடைத்தது. கோழிப் பண்ணைகளிலிருந்து வரும் முட்டையைக் கேரளா லாரியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று ட்ரேக்களை எண்ண வேண்டும். முட்டை எதுவும் கேட்காது. பதிலும் எதிர்பார்க்காது.

பெண் பார்க்கப் போனபோது தரகர் என்னை ‘எக்ஸ்போர்ட் லைன்ல இருக்காப்ல’ என்று அறிமுகப்படுத்தினார். பாலக்காட்டுக்கு ஏற்றுவதும் ஒருவகை ஏற்றுமதிதான். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் வாய் திறக்க வேண்டுமல்லவா?

சாந்தி அப்போது டிகிரி முடித்திருந்தாள். கல்யாணத்துக்குப் பின் மேலே படித்தாள், கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். ‘ஊட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்லீங்களா?’ என்று அவளோடு வேலை செய்பவர்கள் கேட்பார்களாம். நான் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. அது பெருந்தன்மை என்று ஊரில் பெயராகிவிட்டது.

கயிறும் கந்தல் துணியும்

முட்டை வெள்ளைக்கருவில் லைசோசைம் என்று ஒரு புரதம் இருக்கிறது. நான் ஏற்றி அனுப்பிய லாரிகளில் அது எத்தனை டன் போயிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாந்திக்கு ஆராய்ச்சி அதில்தான். ஒரே வீட்டில் ஒரே சரக்கு. நான் வெளியே இருந்து எண்ணினேன், அவள் உள்ளே போய் எண்ணினாள். சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தனியார் கல்லூரி அல்லவா?

அவள் எனக்கு விளக்கிய விதத்தைச் சொல்கிறேன். டிப்போவிலிருந்து ட்ரே கட்டும் பிளாஸ்டிக் கயிறு கொண்டுவரச் சொன்னாள். அதில் வரிசையாக முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு அமினோ அமிலம். மணி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒவ்வொரு மணியிலும் பழைய பாவாடையைக் கிழித்து ஒரு துண்டுத் துணி கட்டினாள். அது அந்த மணியின் கை. பிறகு கயிற்றைச் சுருட்டிக் கட்டிலில் போட்டாள்.

‘இப்பப் பாருங்க. கயித்துல இந்த முடிச்சு இந்தக் கோடி, அது அந்தக் கோடி. சுருண்டு விழுந்ததுல ரெண்டும் கிட்ட வந்து கை கோத்துக்கிச்சு. இந்த மாதிரி எவன் எவனோட கை கோத்திருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை.’

பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் தொட்டுக்கொள்வது கணக்கில் வராதாம். அவர்கள் ஒரே கயிற்றில் அடுத்தடுத்து இருக்கிறார்கள், தொட்டுத்தான் ஆக வேண்டும், அதில் என்ன செய்தி இருக்கிறது என்றாள். தூரத்து ஆட்கள் கை கோத்திருப்பதுதான் புரதத்தைக் குலையாமல் பிடித்திருக்கிறது. முட்டையை வேக வைத்தால் அந்தக் கைகள் எல்லாம் விட்டுப்போய், கண்டவர்களோடு கண்டபடி பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும். காலை டிபனுக்கு நாம் அதைத்தான் மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுகிறோம்.

கோழி, காடை, வான்கோழி என்று பல பறவைகளின் முட்டையில் இதே புரதம் இருக்கிறது. எந்தெந்தக் கைகோப்பு எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கிறது, எது பறவைக்குப் பறவை மாறுகிறது என்று ஒப்பிடுவதுதான் அவளுடைய ஆய்வு. கைக்கும் கைக்கும் எட்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுதல் என்று கணக்கு. ஆங்ஸ்ட்ராம் எவ்வளவு என்று கேட்டேன். தலைமுடியின் குறுக்களவை லட்சக்கணக்கில் கூறு போட்டால் ஒரு கூறு என்றாள். எங்கள் டிப்போவில் ஒரு முட்டை குறைந்தாலே ‘கண்ணு தெரியலையா’ என்று சத்தம் போடுவார்கள்.

ஒருநாள் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சில முடிச்சுகளில் துணியே இல்லை என்று கவனித்தேன். அவிழ்ந்து விழுந்துவிட்டது என்று நினைத்து, தேடி எடுத்துக் கட்டப் போனேன்.

‘விடுங்க. அது கிளைசீன். அதுக்குக் கையே கிடையாது.’

‘அப்ப அதுக்கு எங்கிருந்து அளப்பே?’

‘தோள்ல இருந்துதான். முடிச்சுல இருந்தே அளந்துக்க வேண்டியதுதான்.’

கை இல்லாதவன், ஆனாலும் வரிசையில் இருக்கிறான், யாராவது தோளைத் தொட்டால் கணக்கில் வருகிறான். எனக்கு அந்த கிளைசீனை ரொம்பப் பிடித்துப்போனது. அதன்பிறகு கயிறு எடுக்கும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பேன். அவளும் அதே பதிலைச் சொல்வாள். வேறு எதைப் பற்றிக் கேட்பது என்று எனக்குத் தெரியாததும் ஒரு காரணம்.

சீர்வரிசையோடு ஒரு தேர்வு

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம் என்று கல்லூரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தால் வெளித் தேர்வாளர் முன்னால் அசிங்கம், நாலு பேரைக் கூட்டி வாருங்கள் என்று முதல்வர் சொன்னார்.

சாந்தியின் அண்ணனிடம் இந்தச் செய்தி போனது. பெரிய மச்சானுக்கு மோகனூர்ப் பக்கம் கோழிப் பண்ணை. நாலு பேர் என்றால் அவர் கணக்கில் இரண்டு வேன். தங்கச்சிக்கு விசேஷம், வெறுங்கையோடா போவது? தட்டுத் தட்டாகப் பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை, கல்கண்டு என்று சீரோடு வந்து இறங்கினார். கல்லூரி வாசலில் அவர் வைத்த பேனரில் சாந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மச்சானும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படம் கொஞ்சம் பெரியது.

தங்கையின் படிப்பில் மச்சானுக்கு ஒரே ஒரு மனக்குறை. ‘இத்தன வருசமா முட்டையத்தானே சாமி படிக்கறே. நாளைக்கு ரேட்டு ஏறுமா எறங்குமான்னு கேட்டா மட்டும் தெரியாதுங்கறே.’ ஒவ்வொரு பொங்கலுக்கும் இதைக் கேட்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள், ‘அது வேற சப்ஜெக்ட் அண்ணா’ என்பாள்.

இந்தத் தேர்வில் ஒரு வழக்கம் இருக்கிறது. தேர்வாளர் கேட்டு முடித்ததும் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். யாருமே கேட்காவிட்டால் யாருக்கும் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். தெரியாத ஆள் யாராவது கேட்டுவிட்டால் ஆபத்து. அதனால் தெரிந்த ஆளிடம் தெரிந்த கேள்வியைக் கொடுத்து வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் படம், திரையில் ஓட்டும் படங்களுக்குக் கடைசியில் ஒளிந்திருக்கும். கேள்வி வந்ததும், நல்ல கேள்வி என்று வியந்துவிட்டு அந்தப் படத்தைத் திறப்பார்கள். அறிவு வளர்வதற்கு எவ்வளவு ஏற்பாடு பாருங்கள்.

சாந்தி கூட வேலை செய்யும் இருவரிடம் கேள்வி கொடுத்திருந்தாள். நிர்வாகம் அந்த வாரம் பார்த்து அவர்கள் இருவரையும் பனமரத்துப்பட்டிப் பக்கம் பிளஸ் டூ மாணவர் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க அனுப்பிவிட்டது.

‘ஏனுங்க, நீங்க கேக்கறீங்களா?’ என்றாள்.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் கூச்சம் எனக்கே எதிராக வேலை செய்த சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி இங்கிலீஷில் இருந்தது. ‘ஒய் எய்ட் ஆங்ஸ்ட்ராம், மேடம்? ஒய் நாட் சிக்ஸ் ஆர் டென்?’ ஏன் எட்டு, ஆறோ பத்தோ ஏன் இல்லை என்று அர்த்தம்.

‘மேடமா? உன்னையா?’

‘பின்ன, அங்க வந்து சாந்தின்னா கூப்புடுவீங்க?’

டிப்போவில் ட்ரே எண்ணும்போது அதையே முணுமுணுத்துப் பழகினேன். லோடுமேன்கள் நான் ஏதோ ஜெபம் ஆரம்பித்துவிட்டதாக நினைத்து, கொஞ்சம் தள்ளி நின்றே மரியாதை கொடுத்தார்கள்.

புள்ளி நடுங்கியது

வெளித் தேர்வாளர் தமிழர்தான். அதை வெளியே காட்டிக்கொள்ளாதவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசினார். முதலில் எல்லாம் நல்லபடியாகப் போனது. சாந்தி இங்கிலீஷில் சரளமாகப் பேசினாள். எனக்குப் புரியாததால் இன்னும் அழகாக இருந்தது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். அதில் கிளைசீன் என்ற சொல் வந்ததால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் கையிலிருந்து அளக்கிறீர்கள், கிளைசீனுக்குத்தான் அது இல்லையே, அதை என்ன செய்தீர்கள்? எனக்கு விளங்கியவரை இதுதான் அவர் கேட்டது. எங்கள் வீட்டில் எவ்வளவோ தடவை கேட்கப்பட்ட கேள்வி.

சாந்தி வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். ‘உள்ளேன் ஐயா’ உள்ளே இருக்கும், வெளியே வராது. இத்தனை வருடத்தில் அவளுக்கு அது வந்து நான் பார்த்ததில்லை. என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

கடைசியில் ‘ரிமூவ்டு சார்’ என்றாள். நீக்கிவிட்டோம் என்று.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், பக்கத்து நாற்காலியில் இருந்தவர், கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார்.

‘அப்படின்னா உங்க டேபிள், கணக்கு எல்லாமே மறுபடி போடணும் இல்லையாம்மா?’ என்றார், முதல் தடவையாகத் தமிழில். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகக் கேட்டார்.

மறுபடி போடுவது என்றால் குறைந்தது அரை வருடம். அதற்குள் ஜூன் வந்து போய்விடும். சாந்திக்கு அது தெரியும். சிவப்புப் புள்ளிக்கும் தெரிந்திருந்தது.

வழிகாட்டி சமாளிக்கப் பார்த்தார். பார்வையாளர்கள் யாராவது கேட்க விரும்புகிறீர்களா என்றார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானார். தங்கச்சிக்கு ஒத்தாசையாக ஏதாவது கேட்போம் என்று நினைத்திருப்பார். முட்டை ரேட்டைத்தான் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவரைத் தடுக்கத்தான் நான் கையைத் தூக்கினேன். இந்த இடத்தில் வீரம் எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

மைக்

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

சாந்தி என்னைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல், ஒளித்து வைத்திருந்த எட்டு ஆங்ஸ்ட்ராம் படத்தைத் திறக்கத் தயாராகப் பொத்தான்மேல் இருந்தது.

‘ஏனுங்க’ என்றேன். ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டு நானே பயந்தேன். ‘அந்தக் கயித்துல சில முடிச்சுல துணி இருக்காதில்லீங்க. கை இல்லாதது. அதுக்கு எங்கிருந்துங்க அளக்கறது?’

ஹாலில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த முதல்வர் யாரிந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தார். கயிறா, துணியா என்று யாரோ கேட்டார்கள். சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலும் கயிறும் கிழிந்த பாவாடையும் அவள் முகத்தில் திரும்பி வருவதை நான் பார்த்தேன்.

‘தோள்ல இருந்துங்க’ என்றாள்.

அவ்வளவுதான். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தேர்வாளர் பக்கம் திரும்பி, நீக்கவில்லை சார், தவறாகச் சொல்லிவிட்டேன், கிளைசீனுக்கு மட்டும் முதன்மைச் சங்கிலியில் இருக்கும் கார்பனிலிருந்து அளந்தோம், செய்முறை அத்தியாயத்தில் இருக்கிறது, பக்கம் இது என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து கொட்டினாள். அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

‘இருக்கே. அப்புறம் ஏன் நீக்கிட்டோம்னு சொன்னீங்க?’

‘பயத்துல வந்துடுச்சு சார்.’

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையில் புள்ளி ஒரே இடத்தில் நின்றது.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்ததும் மச்சானின் ஆட்கள் தட்டுகளோடு மேடை ஏறினார்கள். தேர்வாளருக்கு ஒரு சால்வை, வழிகாட்டிக்கு ஒரு சால்வை, மைக் கொடுத்த உதவியாளருக்கும் ஒரு துண்டு. தேர்வாளர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போட்டோவுக்கு நின்றார். அவ்வளவு பெரிய படிப்பு அதையெல்லாம் தாங்கும்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் முட்டை மசாலாவைத் தள்ளி வைத்துவிட்டு, ‘நல்ல கேள்வி. நீங்க எந்தத் துறை?’ என்றார்.

‘முட்டைங்க’ என்றேன்.

‘புரத வேதியியலா?’

‘லோடிங்குங்க.’

அவர் ரசம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

பைபாஸில்

வேனில் வரச் சொல்லி மச்சான் வற்புறுத்தினார். சாந்தி மறுத்துவிட்டு, பட்டுப்புடவையோடு என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். மடியில் சீர்த்தட்டிலிருந்து எடுத்த ஒரு தேங்காய். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பைபாஸ் ஏறினோம். லாரிகள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் வண்டி ஆடியது.

‘ஏனுங்க, நான் குடுத்த கேள்வி என்னாச்சு?’ என்றாள் காதருகில்.

‘மறந்துபோச்சு. எந்திரிச்சதும் இங்கிலீஷே வரல.’

‘எதுவுமே ஞாபகம் இல்லியா?’

‘ம்ஹூம்.’

புதுச்சத்திரம் தாண்டியது. அவள் தலையிலிருந்த மல்லிகை வாடத் தொடங்கியிருந்தது. அந்த வாசமும் டீசல் புகையும் கலந்து வந்தன. பரிந்துரைக்கிறோம் என்று அவர் சொன்னதை நான் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த மிதப்பில், ட்ரே எண்ணும்போது வருகிற பழக்கத்தில், என் வாய் தானாக முணுமுணுத்துவிட்டது.

‘ஒய் எய்ட் ஆங்ஸ்ட்ராம், மேடம்? ஒய் நாட் சிக்ஸ் ஆர் டென்?’

ஒரு எழுத்துப் பிசகவில்லை.

 மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லலாமா என யோசித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் தெரியவில்லை, தேங்காய்தான் தெரிந்தது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

‘நல்ல கேள்விங்க’ என்றாள்.

ஆறு வைத்தால் எவை விட்டுப்போகும், பத்து வைத்தால் வேண்டாதவர்கள் யாரெல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள், எட்டில் என்ன கிடைக்கிறது என்று ஆரம்பித்தாள். திறக்காமல் போன அந்தப் படத்தில் இருந்ததை எல்லாம், லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒன்றுவிடாமல் வீடு வந்து சேரும்வரை சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. இடையிடையே அவள் கை என் தோளில் தட்டிக்கொண்டே வந்தது, புள்ளி வைத்துக் காட்டுவதைப் போல.

நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.